ஊதாத விசில்

அலறல் ஒரே ஒரு தடவைதான் கேட்டது.

அதுவும் பாதியில் அறுந்துவிட்டது...

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த கிரீஸ், கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு வெளியே ஊர்ந்து வந்தார். வயது அறுபத்திரண்டு. அந்த சிமெண்ட் குடோனில் முப்பத்தோரு வருஷமாக மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். எல்லோருக்கும் அவர் கிரீஸ்தான்.

மூன்றாம் லோடிங் மேடைக்கு ஓடினார். ஓடினார் என்றால், வலது முழங்கால் அனுமதித்த அளவுக்கு.

லாரியின் பின்கதவுக்கும் மேடையின் கான்கிரீட் விளிம்புக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

நின்றபடியே செத்திருந்தார்!

கைகாட்டி.

லாரிகள் பின்னால் வரும்போது கூடவே நடந்து, "வா... வா... நில்லு" என்று சைகை காட்டி, மேடையோடு ஒட்டி நிறுத்தவைக்கிற ஆள். கிரீஸுக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். தினமும் காலையில் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பவர்கள். இன்றைக்கும் குடித்தார்கள்.

மணி ஒன்பது நாற்பது.

டிரைவர் சீட்டில் இருந்தவன் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துக்கொண்டிருந்தான். கிரீஸின் மாப்பிள்ளை. ஒரே மகளைக் கட்டியவன். மூன்று வயசில் ஒரு பேத்தி.

"மாமா... நான் பாக்கல மாமா..."

"வண்டிய முன்னால எடுடா முதல்ல."

எடுத்தான். கைகாட்டி சரிந்தார். சிமெண்ட் தூள் மேல் விழுந்ததால் சத்தம்கூட வரவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ தார்ப்பாய் கொண்டுவந்து மூடினார்கள். யாரோ மூடுவதற்கு முன்னாலேயே செல்போனில் படம் எடுத்து முடித்திருந்தார்கள். மேல்மாடி ஜன்னலில் மேனேஜரின் தலை தெரிந்தது. லோடிங்கை நாலாம் மேடைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அங்கிருந்தே கேட்டார் அந்தப் புண்ணியவான்.

கிரீஸ் காறித் துப்பினார். வாயில் இருந்தது எச்சில் இல்லை, அருவருப்பு.

இந்த இடத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஆட்கள் நடக்க மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் நாற்பது மூட்டை அடுக்கியிருந்தார்கள். திருப்பத்தில் பெரிய குவிகண்ணாடி மாட்டியிருந்தார்கள். அதில் படிந்த தூளைத் துடைக்க ஆள் போடவில்லை. லாரி பின்னால் வரும்போது 'பீப் பீப்' என்று கத்துகிற ரிவர்ஸ் ஹாரன் ஒவ்வொரு வண்டியிலும் இருந்தது. மேனேஜருக்குத் தலைவலி வருகிறது என்று ஒயரை அறுக்கச் சொன்னார்கள். எட்டு வண்டியிலும் அறுத்தாயிற்று.

அறுத்தது யார்?

கிரீஸேதான்!

மாட்டேன் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து இன்னொரு தடவை துப்பினார்.

போலீஸ் ஜீப் இருபது நிமிஷத்தில் வந்தது.

இறங்கியது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ஒல்லியான உடம்பு. யாரையும் அதட்டவில்லை. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்ததை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கழுத்தில் தொங்கிய விசிலைக் கயிற்றோடு கழற்றினார். பிறகு மண்டியிட்டு, தரையில் கிடந்த தூளை ரொம்ப நேரம் பார்த்தார். பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கிரீஸுக்கு விளங்கவில்லை. போலீஸ்காரர்கள் யோசிப்பது போல நிற்பதற்கும் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது அவர் கருத்து.

மாப்பிள்ளையைத் தனி அறையில் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். என்ன எழுதினான் என்று கேட்டதற்குக் கதவருகில் நின்ற கான்ஸ்டபிள், தள்ளி நிற்கும்படி சொன்னார்.

செல்போன் அடித்தது. மகள்.

எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டாளாம். குடோனில் ஆள் செத்தால் செய்தி ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடுகிறது! அவள் அழவில்லை. அதுதான் கிரீஸை உலுக்கியது.

"அப்பா, அவர உள்ள வச்சிருவாங்களா?"

"தெரியாம நடந்ததும்மா. விட்டுருவாங்க."

"அந்த ஆபீஸ்காரங்க எல்லாத்தையும் இவர் தலையில கட்டிட்டுத் தப்பிச்சுருவாங்கப்பா. உங்களுக்கே தெரியும். வாய மூடிட்டு வந்துராதீங்க. என் வீட்டுக்காரர வெளிய கொண்டுவாங்க."

"கொண்டுவரேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று...

அடுத்த பத்தாவது நிமிஷம், மகள் பயந்தபடியே நடந்தது!

ஆபீஸ் அறையில் இன்ஸ்பெக்டருக்கு எதிரே ஹெல்மெட் உட்கார்ந்திருந்தான்.

ஹெல்மெட் என்பது குடோன் வைத்த பெயர். ஆள் பாதுகாப்பு அதிகாரி. ஏ.சி. அறைக்குள்ளும் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான். ஆனால் மேடைப் பக்கம் மட்டும் வர மாட்டான். சட்டையில் தூள் ஒட்டிவிடுமாம். முப்பத்தைந்து வயசு. தன்னைப்போல் இரண்டு மடங்கு வயசானவனை 'நீ' என்று கூப்பிடுவான்.

கிரீஸ் வாசலில் போய் நின்றார். போகச் சொல்லி ஹெல்மெட் கையை ஆட்டினான். இன்ஸ்பெக்டர், நிற்கட்டும் என்றார்.

ஹெல்மெட் தன் கதையைத் தடங்கலில்லாமல் சொன்னான். மேல்மாடி ஜன்னல் ஓரம் நின்று மேடையைக் கவனித்துக்கொண்டிருந்தானாம். தினமும் கவனிப்பானாம். கைகாட்டி விதிப்படி லாரிக்குப் பக்கவாட்டில்தான் நின்றாராம்.

"ரெண்டு விசில் அடிச்சார் மேடம். ரெண்டு விசில்னா பின்னால வான்னு அர்த்தம். அப்புறம் நீளமா ஒண்ணு. அப்படின்னா நில்லு. நான் காதால கேட்டேன். டிரைவர் நிக்கல. கம்பெனி பக்கம் ஒரு குறையும் இல்ல. முழுக்க டிரைவரோட அலட்சியம்."

"நீள விசில் நிச்சயமா கேட்டுச்சா?"

"கோர்ட்ல வந்து சொல்றேன் மேடம்."



விசிலா...?

கைகாட்டி விசில் அடித்தாரா!

விஷயம் இதுதான். கைகாட்டிக்கு முன்வாயில் மேலே நாலு பல்லும் கிடையாது, கீழே மூன்றும் கிடையாது. பதினான்கு மாசத்துக்கு முன் போனவை. உதடும் கிழிந்து, தைத்து, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து டீயையே சிந்தாமல் குடிக்கத் தெரியாது. ஊதினால் காற்றுதான் வரும். அதனால் விசிலை விட்டுவிட்டு லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் அறைவார். 'டப் டப்' என்றால் வா. 'டப்' என்றால் நில். பதினான்கு மாசமாக மேடையில் அதுதான் பழக்கம். மூட்டை தூக்குகிறவன் வரைக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

மேடைப் பக்கமே வராதவனுக்கு மட்டும் தெரியாது!

விதியில் விசில் என்று அச்சடித்திருக்கிறது. கழுத்தில் விசில் தொங்கியே ஆகவேண்டும் என்று உத்தரவும் இருக்கிறது. அதனால் விசில் கேட்டதாகச் சொல்லிவிட்டான். கிளி ஜோசியக் கிளி சீட்டு எடுப்பது போல!

கிரீஸ் வாயைத் திறந்தார்.

உடனே மூடினார்.

ஏனென்றால்... பல் போன கதையில் அவர் கையும் அழுக்கு.

அன்றைக்கு, அடுக்கு சரிந்து பலகை முகத்தில் அடித்துவிட்டது என்று கைகாட்டி சொன்னார். ரத்தத் துணியை வாயில் பொத்தியபடி சொன்னார். அதற்குமேல் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ஹெல்மெட் பதிவேட்டில் வேறு எழுதிவிட்டான். 'ஊழியர் தன் வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.' குடோனில் அடிபட்டால் விசாரணை வரும், குளியலறையில் அடிபட்டால் வராது. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கிரீஸைக் கூப்பிட்டான். போடாவிட்டால் மாப்பிள்ளைக்கு நிரந்தர டிரைவர் வேலை கிடைக்காது என்று ஜாடையாகச் சொன்னான்.

போட்டார்.

எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஆனால் 'குளியலறை' என்ற வார்த்தையை அன்றைக்கு நன்றாகவே படித்தார். படித்துவிட்டுத்தான் போட்டார்.

இன்றைக்குக் காலை டீக்கடையில் கைகாட்டி சொன்னதும் நினைவுக்கு வந்தது. பதினோரு மணிக்கு மேலிடத்திலிருந்து சோதனைக் குழு வருகிறது. பல் விஷயத்தை எழுதிப் பையில் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடப் போகிறேன். இதைச் சொல்லிவிட்டு, "நீ என்னைத் திட்டக் கூடாது" என்றும் சொன்னார். எதற்குத் திட்ட வேண்டும் என்று கிரீஸுக்குப் புரியவில்லை. தன் பொய்க் கையெழுத்து வெளியே வருமே, அதற்காக என்று நினைத்துக்கொண்டார். பரவாயில்லை, கொடு என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

அப்படியானால்...

கடிதம் போய்ச் சேர்ந்தால் முதலில் வேலை போகிறவன் யார்? இதோ, வெள்ளை ஹெல்மெட்டோடு காலை ஆட்டிக்கொண்டிருக்கிறானே, இவன்தானே!

கிரீஸ் அறைக்குள் வந்தார்.

"அம்மா, இந்த ஆள் சொல்றது பொய்."

ஹெல்மெட் எழுந்தான். "கிரீஸ், நீ போய் உன் வேலையைப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கறேன். ரொம்ப நாளா பாக்காம விட்ட வேலை. அம்மா, செத்தவரால விசில் அடிக்கவே முடியாது."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் பெரியவரே?"

"பல்லு இல்ல. உதடு ஒட்டாது. பதினாலு மாசமா அவர் விசிலத் தொட்டதே இல்ல. கழுத்துல தாலி மாதிரி சும்மா தொங்கும். நம்பலன்னா அதக் கொஞ்சம் பாருங்க."

இன்ஸ்பெக்டர் விசிலை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். குலுக்கினார். உள்ளே இருக்கிற குண்டு அசையவில்லை. கவிழ்த்துத் தட்டினார். மேஜைமேல் கட்டி தட்டிப்போன சிமெண்ட் பொருக்கு உதிர்ந்தது. விசிலைத் துணியில் துடைத்துத் தானே ஊதிப் பார்த்தார்.

புஸ்...!

வந்தது அவ்வளவுதான்.

ஹெல்மெட்டின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வேற... வேற விசிலா இருக்கலாம் மேடம்."

"வேற வாயும் வேணும் சார்," என்றார் கிரீஸ்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பல் எப்படிப் போனது என்று கேட்டார். கிரீஸ் சொன்னார். பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்றும், எந்த மாசத்துப் பக்கம் என்றும் சொன்னார். கீழே இருக்கிற சாட்சிக் கையெழுத்து தன்னுடையதுதான், பொய் என்று தெரிந்தே போட்டது என்றும் சொன்னார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

"உங்க மேலயும் கேஸ் வரும் பெரியவரே."

"வரட்டும்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. விசில் சத்தமே இருந்திருக்க முடியாதா? ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இருந்திருக்க முடியாது. மேடையில யார வேணா கேளுங்க. விசில் கேட்டுச்சுன்னு எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்றான்னு அர்த்தம். அவன் நடந்தத மறைக்கறான்னு அர்த்தம்."

"எவன் சொன்னாலும்?"

"எவன் சொன்னாலும்."

எழுதி வாங்கினார்கள். கிரீஸ் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போலிருந்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாயிற்று!

இன்ஸ்பெக்டர் இன்னொரு தாளை எடுத்து மேஜைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இதையும் படிங்க."

கிரீஸ் குனிந்தார். கோணல்மாணலான கையெழுத்து. தெரிந்த கையெழுத்து. பேத்தியின் தடுப்பூசி அட்டையில் இருக்கிற அதே கையெழுத்து.

விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

'நான்... ரெண்டு... விசில்... கேட்டு... வண்டியைப்... பின்னால்... எடுத்தேன். நிற்கச் சொல்லி... விசில்... வரவில்லை.'

விரல் நின்றுவிட்டது.

"இது... இது ஹெல்மெட் சொல்லிக்கொடுத்து எழுதவச்சது அம்மா."

"இல்ல. நாங்க வந்ததுல இருந்து ரெண்டு பேரையும் ஒருத்தர ஒருத்தர் பாக்க விடல. உங்க மருமகன் அவராவே எழுதினது."

ஹெல்மெட்டுக்கு அந்த நேரத்தில்தான் நாக்கு அவிழ்ந்தது. தான் ஜன்னல் ஓரம் நிற்கவே இல்லை என்றான். கீழே ஆள் விழுந்ததுகூட மேனேஜர் சொல்லித்தான் தெரியும் என்றான். கம்பெனி பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறதை அப்படியே சொல்லிவிட்டானாம். இதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை!

"இவர் பொய் சொன்னதுக்குக் காரணம் புரியுது," என்றார் இன்ஸ்பெக்டர். "மேடைக்குப் போகாதவர். விசில் இல்லைங்கறதே தெரியாது. ஆனா உங்க மருமகன் தினமும் அந்த மேடையில வண்டி நிறுத்தறவர். அவர் எதுக்கு விசில்னு எழுதினார்?"

"பயத்துல... விதில விசில்தானே இருக்கு... பலகையில தட்டினத எழுதினா செல்லாதுன்னு..."

"அப்படித்தான் நானும் நெனச்சிருப்பேன். தரையப் பாக்காம இருந்திருந்தா."

இன்ஸ்பெக்டர் பொறுமையாகச் சொன்னார். சிமெண்ட் தூளில் டயர் தடம் அச்சு மாதிரி விழும். அந்த லாரி முதலில் நேராகப் பின்னால் வந்து நின்றிருக்கிறது. கைகாட்டி இடதுபக்கம் ஒதுங்கியிருக்கிறார். செருப்புத் தடம் இருக்கிறது. லாரி மூன்றடி முன்னால் போயிருக்கிறது. மறுபடியும் பின்னால் வந்திருக்கிறது.

"ரெண்டாவது தடவை ஸ்டீயரிங்க ஒடிச்சிருக்கார் பெரியவரே. அவர் ஒதுங்கின பக்கமா. வான்னு யாரும் தட்டல, அதான் வந்ததா காட்ட விதியில இருக்கற விசில எழுதிட்டார்."



இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். ஓரத்தில் ரத்தம். கைகாட்டியின் சட்டைப் பையில் இருந்தது.

அவரே படித்தார்.

"'எனக்குப் பல் உடைந்தது குளியலறையில் இல்லை. அடுக்கு சரிந்தும் இல்லை. லாரி சொல்லாமல் பின்னால் வந்து என்னை மேடையில் மோதியது. ஓட்டியவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் என் சிநேகிதரின் மருமகன் என்பதால் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. போன வாரமும் செல்போன் பேசியபடியே ஒரு மூட்டைக்காரரை நசுக்கப் பார்த்தார். இனி ஒருவர் சாவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.'"



நீ என்னைத் திட்டக் கூடாது... என்று அந்த மனுஷன் எதற்குச் சொன்னார் என்று இப்போது புரிந்தது. பதினான்கு மாசம்! தினமும் எதிரே உட்கார்ந்து, ஒழுகுகிற வாயைத் துடைத்துத் துடைத்து டீ குடித்துக்கொண்டே, மறைத்திருக்கிறார். கிரீஸின் மகளுக்காக.

"இந்தக் கடிதம் காலையிலயே கெடச்சுது," என்றார் இன்ஸ்பெக்டர். "காரணம் தெரிஞ்சுது. தடமும் தெரிஞ்சுது. ஆனா விசில் சத்தம் கேட்டு வந்தேன்னு அவர் சொல்றத உடைக்க மேடை ஆள் ஒருத்தர் வேணும். ஒருத்தனும் வாயத் திறக்கல. வேலை போயிரும்னு பயம். நீங்க வந்தீங்க."

மாப்பிள்ளையை அழைத்து வந்தார்கள். இரண்டு கான்ஸ்டபிள்கள் இரண்டு பக்கமும். மேஜைமேல் விரித்துக் கிடந்த கடிதத்தைப் பார்த்தான். கிரீஸின் கையெழுத்து உலராத தாளையும் பார்த்தான்.

அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கோபப்பட்டான்!

"லைசென்ஸக் காலி பண்ணப் பாத்தான் மாமா. நானும் எவ்வளவோ கெஞ்சினேன். கேக்கல."

கிரீஸ் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு கேட்டதும் கையெழுத்துப் போட்டீங்க இல்ல? இன்னிக்கு மட்டும் உங்கள யார் வாயத் திறக்கச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். கை எழும்பவில்லை. கேள்வியின் முதல் பாதி நியாயமாக இருந்ததுதான் காரணம். அன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருந்திருந்தால் விசாரணை வந்திருக்கும். இவன் லைசென்ஸ் போயிருக்கும். வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு இருந்திருப்பான், கைகாட்டியும் உயிரோடு இருந்திருப்பார். கிரீஸ் தன் வலது கையைச் சட்டையில் அழுந்தத் துடைத்தார்.

செல்போன் மறுபடியும் அடித்தது. மகள்தான். திரையில் பேத்தியின் படம் சிரித்தது.

அவர் எடுக்கவில்லை. இதைப் போனில் சொல்ல முடியாது. நேரில் போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லித் தொலைக்க வேண்டும்.

மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றினார்கள். ஹெல்மெட்டையும் கூடவே. பொய்ச் சாட்சி, பொய்ப் பதிவேடு. ஏறும்போது தலை இடித்துவிடாமல் இருக்க ஒரு கான்ஸ்டபிள் கை வைத்தார். ஹெல்மெட் அப்போதும் ஹெல்மெட் போட்டிருந்தான். கிரீஸ் பின்சீட்டில் தானாகவே ஏறப் போனார். பெரியவர் நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்தால் போதும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ஓடிப்போகிற முழங்கால் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கிரீஸ் நடந்தே வெளியே வந்தார். கேட்டில் வாட்ச்மேன் ஒரு கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸும் ஈரத் துணியுமாகத் திகைத்து நின்றிருந்தார். 'இங்கு விபத்தில்லாமல் கடந்த நாட்கள்' என்று மேலே பெயிண்டில் எழுதியிருந்தது. கீழே சாக்பீஸில் 612.

"அண்ணே, ஆபீஸ்ல கேக்க ஆளே இல்ல. இத அழிச்சுட்டுப் பூஜ்யம் போடணுமா?"

கிரீஸ் பலகையைப் பார்த்தார். ஜீப் போன திசையைப் பார்த்தார்.

"எதுக்குய்யா? விபத்து நடந்தாத்தானே அழிக்கணும். இங்க நடந்தது கொலை. 613-ன்னு எழுது!"